தண்ணீர்மலையில் தண்ணீர் எங்கே?



தைப்பூசம் நெருங்கினால் நம் பள்ளிகளில் தவறாமல் வரும் கட்டுரைத் தலைப்பு ‘தைப்பூசத் திருவிழா’. பினாங்கு மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் காவடி இருக்கும்; வெள்ளி இரதம் இருக்கும்; தெருவெங்கும் தேங்காய் உடைப்பது இருக்கும்; ஏற வேண்டிய படிகளின் எண்ணிக்கையும் இருக்கும். தண்ணீர்மலை என்னும் பெயரில் உள்ள ‘தண்ணீர்’ மட்டும் பெரும்பாலும் இருக்காது. “இந்த மலைக்கு ஏன் தண்ணீர்மலை என்று பெயர் வந்தது?” என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். “வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்களே, அதனால்தான் ஐயா” என்று விடை சொல்லும் பிள்ளைகளும் உண்டு. விடை தவறுதான். ஆயினும் அப்பிள்ளை பெயருக்குக் காரணம் தேடுகிறது. அந்தத் தேடலைப் பாராட்டத்தான் வேண்டும்.

தண்ணீர்மலைக்கு அப்பெயரைத் தந்தது ஓர் அருவி. அது இன்றும் விழுந்துகொண்டிருக்கிறது. கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், தாவரவியல் பூங்காவை அடுத்த காட்டுப் பள்ளத்தாக்கின் மேற்புறத்தில், ஏறக்குறைய 120 மீட்டர் உயரத்திலிருந்து பல அடுக்குகளாக இறங்குகிறது. பினாங்குத் தீவின் குடியேற்ற வரலாறும், குடிநீர் வரலாறும், காட்டு வரலாறும், நம்மவர்களின் வழிபாட்டு வரலாறும் ஒன்றுகூடும் இடம் அதுவே. அவ்வரலாற்றை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்திருந்தால் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல இயலும் என்னும் எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அருவியும் சுனையும்

முதலில் சொற்களைப் பார்ப்போம். ‘நீர்வீழ்ச்சி’ என்று இன்று பாடநூலிலும் நாளிதழிலும் எழுதுகிறோம். நம் மொழியின் பழஞ்சொல் ‘அருவி’. அருவி விழும் இடத்திலும், அதன் வழியில் பாறைகளுக்கு இடையிலும் நீர் தேங்கி நிற்கும் இயற்கைக் குளங்களுக்கும் நம்மிடம் சொற்கள் உண்டு. மலைப்பாறையில் ஊறி நிற்கும் நீர் ‘சுனை’. ஆற்றுப் போக்கில் ஆழமான நீர்நிலை ‘மடு’.

அகப்பொருள் இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. குறிஞ்சியின் தெய்வம் முருகன். அந்நிலத்திற்குரிய நீர் எது என்று கருப்பொருள் பட்டியலில் பார்த்தால், அருவி நீரும் சுனை நீரும் என்றிருக்கும். மலை, காடு, அருவி, சுனை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த ஓரிடத்தைத் தமிழன் எந்தக் கடல் தாண்டிப் போய்க் கண்டாலும் அவன் நெஞ்சில் முருகன் எழுவது இயல்பு. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பினாங்குக் கொடிமலையின் உயரம் 833 மீட்டர். தீவின் நடுவே நிற்கும் இம்மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. கருங்கல்லுக்குள் நீர் எளிதில் இறங்குவதில்லை. பாறை சிதைந்து உருவான மண்ணும், அதன்மேல் வளர்ந்த காடும், உதிர்ந்து மக்கிய இலைகளும் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. மழை நின்று பல நாளான பின்பும் ஓடையில் நீர் ஓடுவதற்கு இதுவே காரணம். அந்நீர் செங்குத்தான பாறைகளில் விழும்போது அருவியாகிறது. விழுந்த இடத்தில் மணலையும் கூழாங்கற்களையும் சுழற்றிச் சுழற்றிப் பாறையைத் தேய்த்துக் குழியாக்குகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் தேய்ந்து உண்டான அக்குழிகளே நாம் இறங்கிக் குளித்து மகிழும் குளங்கள்.

பினாங்கு அருவியிலிருந்து புறப்படும் ஓடைக்கு மலாயில் ‘சுங்கை ஆயர் தெர்ஜுன்’ என்று பெயர். ‘ஆயர் தெர்ஜுன்’ என்றால் குதிக்கும் நீர். இவ்வோடை தாவரவியல் பூங்காவின் ஊடே ஓடி, பின்னர்ப் பினாங்கு ஆற்றில் கலந்து கடலை அடைகிறது.

கப்பல்கள் தேடி வந்த நீர்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரால் கைப்பற்றி, ‘வேல்ஸ் இளவரசர் தீவு’ என்று பெயரிட்டார். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே செல்லும் கப்பல்கள் தங்கிச் செல்ல ஒரு துறைமுகம் வேண்டும் என்பது கும்பினியின் நோக்கங்களுள் ஒன்று. துறைமுகம் என்றால் நங்கூரமிட ஆழமான கடல் மட்டும் போதாது. பல வாரங்கள் கடலில் மிதந்து வரும் மாலுமிகளுக்குக் குடிநீர் வேண்டும். மரப்பீப்பாய்களில் நிரப்பிய நீர் நாள்பட நாள்பட நாறிப்போகும். எனவே நல்ல நீர் கிடைக்கும் துறைமுகத்தை மாலுமிகள் மறப்பதில்லை. அவ்வகையில் பினாங்குக்கு இயற்கை அளித்த கொடை இந்த மலையருவி.

தொடக்கத்தில் நகர மக்கள் கிணறுகளையும் ஆறுகளையும் நம்பியிருந்தனர். 1804, 1805ஆம் ஆண்டுகளில் ராபர்ட் டவுன்சென்ட் பார்குவார் துணை ஆளுநராக இருந்த காலத்தில் மலைநீரை நகருக்குக் கொண்டுவரச் செங்கல் பதித்த கால்வாய் ஒன்று அமைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் இடத்தை இரும்புக் குழாய்கள் பிடித்தன. ஜார்ஜ்டவுன் வளர்ந்ததற்கு வாணிகம் காரணம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. உண்மைதான். அந்த வாணிகத்திற்கு வந்தவர்களின் தாகம் தீர்த்தது எது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

அருவி அக்காலத்திலேயே காண்பதற்குரிய இடமாகவும் பெயர் பெற்றுவிட்டது. 1811ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ஜேம்ஸ் வாத்தன் என்னும் பயணி, சென்னை வழியாகச் சீனம் வரை சென்றார். இடையில் பினாங்கில் தங்கி அருவியையும் கண்டார். அவருடைய பயணநூல் 1814இல் வெளிவந்தது. பொறியியல் படைப்பிரிவைச் சேர்ந்த ராபர்ட் ஸ்மித் பினாங்கில் வரைந்த காட்சிகளை வில்லியம் டேனியல் செதுக்கி 1821இல் வண்ண அச்சுப் படங்களாக வெளியிட்டார். அத்தொகுப்பிலும் அருவிக்கு இடம் உண்டு. இன்று விடுமுறை நாளில் சோற்றுப் பொட்டலத்துடன் அருவிக்குச் செல்லும் குடும்பங்களுக்கு முன்னோடிகள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள்.

ஆனால், அந்த ஓவியர்கள் நடந்து சென்ற பாதையை வெட்டியவர் யார்? கால்வாய்க்கு மண் சுமந்தவர் யார்? ஓவியத்தில் இவர்களுக்கு முகம் இல்லை. ஆவணங்களில் மொத்தக் கணக்காக மட்டும் வருகிறார்கள். 1794இல் லைட் எழுதிய அறிக்கையில், சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரத்திற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறி வந்து, வாணிகமும் எல்லாவிதக் கூலி வேலைகளும் செய்து, சில வெள்ளி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்ற செய்தி காணப்படுகிறது. இவர்களோடு, 1790களிலிருந்து இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் நாடு கடத்தப்பட்ட கைதிகளும் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். சாலை போடுவதும், கால்வாய் தோண்டுவதும், கட்டடம் எழுப்புவதும் அவர்களுக்கு இட்ட வேலைகள். ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக் காலம் தொடுவாய்க் குடியேற்றங்களின் பொதுப்பணிகள் பெரும்பாலும் இவர்களின் தோள்மீது நடந்தன.

காடு குறைந்தது, எச்சரிக்கை எழுந்தது

நகரம் பெருகியபோது மிளகு, கிராம்பு, சாதிக்காய் பயிரிட மலைச்சரிவுகள் வெட்டித் திருத்தப்பட்டன. காடு குறையக் குறைய ஓடைகள் என்னாகும் என்று அன்றே ஒருவர் கேட்டார். அவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன். பினாங்கில் வழக்கறிஞராகவும் இதழாசிரியராகவும் விளங்கியவர். பினாங்கு மலைக்காடுகள் தொடர்ந்து அழிக்கப்பட்டால் தீவின் தட்பவெப்பம் எவ்வாறு பாதிக்கப்படும் என்பது குறித்து 1848இல் தம் இதழில் கட்டுரை வெளியிட்டார். மலையுச்சியின் காடு அழிந்தால் கீழே வயலும் கிணறும் வறளும் என்பதே அவர் கவலை. சுற்றுச்சூழல் என்னும் சொல் பள்ளிப் பாடத்தில் இடம்பெறுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட செய்தி இது. லோகன் 1869இல் மறைந்தார். ஜார்ஜ்டவுனில் உயர் நீதிமன்றத்தின் அருகே அவருக்கு நினைவுச் சின்னம் உள்ளது. அவ்வழியே மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அங்கே ஒரு நிமிடம் நின்று இச்செய்தியைக் கூறலாம்.

1880களில் அரசாங்கம் விழித்துக்கொண்டது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த நத்தானியல் காண்ட்லி, தொடுவாய்க் குடியேற்றங்களின் காடுகளை ஆராய்ந்து 1883இல் அறிக்கை அளித்தார். அதன் பயனாகக் காடுகளை ஒதுக்கிக் காக்கும் முறை ஏற்பட்டது. அடுத்த ஆண்டே, அதாவது 1884இல், அருவிப் பள்ளத்தாக்கில் பினாங்குத் தாவரவியல் பூங்கா தொடங்கப்பட்டது. பூங்காவை உருவாக்கும் பொறுப்பு சார்ல்ஸ் கர்டிஸ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்விடத்தின் ஒரு பகுதி அதற்குமுன் கல் உடைக்கும் குழியாக இருந்தது. கல் வெட்டிய பள்ளத்தைப் பூஞ்சோலையாக்கிய பெருமை அவருக்கு உண்டு. 1903ஆம் ஆண்டுவரை அவர் பணியாற்றினார். பூங்காவின் வாயிலருகே நிற்கும் நாகலிங்க மரங்களைப் பார்த்து நம்மவர்கள் கைகூப்புவதைக் காணலாம். அம்மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா. அது நம் கோயில் மரமான கதையை மற்றொரு நாள் எழுதுகிறேன்.

வேல் நட்ட இடம்

இனி நம் கதைக்கு வருவோம். வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கோயில் வரலாறு இது: அருவியின் அருகே, ஓடைக்கரையில், நம் தொழிலாளர்கள் சிறிய அளவில் முருகனை வழிபட்டு வந்தனர். தைப்பூசத்தன்று அருவியில் நீராடிக் காவடி செலுத்தினர். நாளடைவில் கூட்டம் பெருகியது. அருவி இருக்கும் மலையாதலால் அவ்விடம் ‘தண்ணீர்மலை’ ஆயிற்று. அங்கு எழுந்தருளிய முருகன் ‘தண்ணீர்மலையான்’ ஆனான்.

நாள், ஆண்டு, பெயர் என்று ஆவணம் காட்டி நிறுவும் வரலாறு வேறு. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வரும் வரலாறு வேறு. மாணவர்களுக்கு இரண்டையும் சொல்லலாம். ஆனால், எது எது என்று பிரித்துக் காட்டிச் சொல்ல வேண்டும். வாய்மொழி வரலாறு என்பதால் அதனைத் தள்ளிவிடவும் கூடாது. படிப்பறிவு மறுக்கப்பட்ட கூலித் தொழிலாளி நாட்குறிப்பு எழுதவில்லை. எழுதினாலும் காப்பகத்தில் வைப்பார் இல்லை. அவன் விட்டுச் சென்றது ஒரு பெயர். ‘தண்ணீர்மலை’ என்னும் அச்சொல்லே அவன் எழுதி வைத்த ஆவணம். மலாய் மொழியில் சாலைக்குக் ‘கெபுன் பூங்கா’ என்று பெயர். பூந்தோட்டம் என்று பொருள். ஆங்கிலத்தில் அது அருவிச் சாலை. தமிழில் மட்டுமே மலைக்குத் தண்ணீரின் பெயர் நிலைத்தது.

ஆவணம் உள்ள செய்திகளும் உண்டு. ஜார்ஜ்டவுன் குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. வட்டித்தொழில் செய்ய வந்த நகரத்தார், அருவிக்குச் செல்லும் சாலையில் தண்டாயுதபாணி கோயிலை 1850களில் கட்டினர். தைப்பூசத்திற்கு முதல்நாள் நகரிலிருந்து புறப்படும் வெள்ளி இரதம் இக்கோயிலை நோக்கியே செல்கிறது. அந்த இரதம் 1894இல் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. கவனியுங்கள்: நகரின் கோயிலிலிருந்து அருவியின் திசை நோக்கி இறைவன் செல்கிறான். ஊரின் தேர் நீர்நிலை நோக்கிச் செல்லும் பழைய மரபு, பினாங்கின் தெருக்களில் அப்படியே அமைந்துவிட்டது.

இப்பெயர் கடல் கடந்தும் சென்றது. செட்டிநாட்டுக் குடும்பங்களில் ‘தண்ணீர்மலை’ என்று ஆண்பிள்ளைகளுக்குப் பெயரிடும் வழக்கம் உண்டு. பினாங்கு முருகனை வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு அவன் பெயரையே இட்டனர். தமிழகத்து ஊர்ப்பெயர்களை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர்களைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். பினாங்கின் ஓர் அருவி, செட்டிநாட்டுப் பிள்ளைகளின் பெயராகி அங்கே வாழ்வது எத்தனை பேருக்குத் தெரியும்?

அருவி பூட்டப்பட்டது, வேல் மலையேறியது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜார்ஜ்டவுனுக்குக் கூடுதல் குடிநீர் தேவைப்பட்டது. 1892இல் அருவி நீரைச் சேமிக்கும் நீர்த்தேக்கம் அமைந்தது. இங்கேதான் சிக்கல் எழுந்தது. குடிநீர் எடுக்கும் ஓடையில் ஆயிரக்கணக்கானோர் இறங்கி நீராடலாமா? நகராண்மைக் கழகத்திற்குத் தூய்மை என்றால் மனிதன் கால் படாத நீர். பக்தனுக்குத் தூய்மை என்றால், தான் மூழ்கி எழுந்து உடலும் உள்ளமும் கழுவப்பெறும் நீர். இரண்டும் நியாயமே. காலராவும் வயிற்றுக்கடுப்பும் ஊரைச் சூறையாடிய காலம் அது. குடிநீர் ஊற்றைக் காக்க வேண்டியது கட்டாயம் என்பதை மறுக்க இயலாது. அந்நீர் நம் மக்களின் குழந்தைகளுக்கும் குடிநீர்தானே! ஆயினும், இரண்டு தூய்மைகள் மோதியபோது இடம்பெயர வேண்டியிருந்தது எளியவர்களின் வழிபாடுதான். கோயிலுக்கு அருகிலிருந்த குன்றின்மேல் இடம் தரப்பட்டது. 1915இல் முருகன் மலைமேல் குடியேறினான்.

இதே காலத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் இணைத்துப் பார்க்க வேண்டும். 1910இல் தாவரவியல் பூங்காவையே நகராண்மைக் கழகத்திடம் ஒப்படைத்து, அப்பள்ளத்தாக்கை நீர்த்தேக்கமாக்கத் திட்டமிட்டனர். அது நிறைவேறியிருந்தால் கர்டிஸ் வளர்த்த சோலை முழுதும் நீரில் மூழ்கியிருக்கும். திட்டம் கைவிடப்பட்டது. 1912இல் பூங்கா மீண்டும் பூங்காவாயிற்று. இன்று நாம் மாணவர்களோடு நடந்து செல்லும் புல்வெளி, மயிரிழையில் தப்பிய புல்வெளி. பூங்கா தன் இடத்திற்கே திரும்பிவிட்டது. அருவியடி வழிபாடோ திரும்பவில்லை.

மலைமேல் சென்றதால் நமக்கு இழப்பு மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். படியேறும் நோன்பு பிறந்தது. பழைய கோயிலுக்கு மேலே கட்டப்பட்ட புதிய ஆலயத்திற்கு 2012இல் குடமுழுக்கு நடைபெற்றது. அங்குச் செல்ல 513 படிகள். 2017 முதல் தங்க இரதமும் ஊர்வலத்தில் சேர்ந்தது. கோயில் உயர்ந்துகொண்டே சென்றது. பெயரில் மட்டும் கீழே உள்ள அருவி தங்கிவிட்டது.

தைப்பூசத்தன்று வழிநெடுகிலும் தண்ணீர்ப் பந்தல்கள் அமைக்கிறோம். அருவியில் நீராடிய கால்கள் இன்று குழாய் நீரில் நனைகின்றன. அருவி நீரை அள்ளிப் பருகிய கைகள் பந்தலில் மோர்க் குவளையை வாங்குகின்றன. தண்ணீர்ப் பந்தல்தான் காரணம் என்று சொன்ன பிள்ளையின் விடையில் இந்த அளவுக்கு உண்மை உண்டு: மலையில் இருந்த தண்ணீர் தெருவுக்கு இறங்கி வந்துவிட்டது.

இன்று சென்றால் எதைக் காணலாம்?

பூங்காவுக்கு யாரும் செல்லலாம். ஓடையின் கீழ்ப்பகுதியைக் காணலாம். அருவியின் அடிக்கு மட்டும் நினைத்தபோது செல்ல இயலாது. அது பினாங்கு நீர் விநியோக நிறுவனத்தின் பாதுகாப்பில் உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி. அனுமதி பெற்றே செல்ல வேண்டும். தீவின் தேவைக்கு 1929இல் கில்லிமார்ட் நீர்த்தேக்கமும், 1962இல் ஆயர் ஈத்தாம் அணையும், 1999இல் தெலுக் பஹாங் அணையும் எழுந்தன. இன்று மாநிலத்தின் நீர்த்தேவையில் 80 விழுக்காட்டிற்கு மேல் பெருநிலத்தின் மூடா ஆறே தருகிறது. ஒருகாலத்தில் துறைமுகத்திற்கே நீர் ஊட்டிய அருவியின் பங்கு இப்போது மிகச் சிறியது. ஆயினும் மூடா ஆறு கெடா மாநிலத்தில் தோன்றி வருவது. மலையோடையோ தீவுக்கே உரியது. சிறிதாயினும் சொந்தக் கிணறு சொந்தக் கிணறுதான்.

2021இல் பினாங்குக் கொடிமலையும், தாவரவியல் பூங்காவும், தேசியப் பூங்காவும் அடங்கிய ஏறக்குறைய 12,481 எக்டர் பரப்பை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 1848இல் லோகன் எழுப்பிய குரலுக்குக் கிடைத்த காலம் கடந்த மறுமொழி என்று இதனைக் கொள்ளலாம்.

குளிப்பதற்கென்று செல்ல விரும்பும் குடும்பங்களுக்குத் தீவின் மேற்குப் புறம் ஏற்றது. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் செல்லும் வளைந்த மலைப்பாதையில், டுரியான் தோப்புகளும் சாதிக்காய்த் தோட்டங்களும் சூழ்ந்த இடத்தில், தித்தி கெராவாங் அருவி உள்ளது. பாறைகளுக்கு இடையே குளிக்கத்தக்க இயற்கைக் குளங்கள் உண்டு. அதன் நீரிலும் ஒரு பகுதி குடிநீருக்காகக் குழாயில் செல்வதால், மழையில்லாத நாளில் அருவி மெலிந்து காணப்படும். நூறு ஆண்டுகளுக்கு முன் தண்ணீர்மலையில் எழுந்த அதே கேள்வியை அங்கே பாறையருகே நின்று பிள்ளைகளிடம் எழுப்பலாம்: “நீர் குளிப்பவருக்கா, குடிப்பவருக்கா?” தெலுக் பஹாங் வனப்பூங்காவிலும் காட்டோடையில் பிள்ளைகள் நீராட வசதியான இடங்கள் உள்ளன.

செல்வோர் சிலவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். மலையோடையில் மிக ஆபத்தானது ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் திடீர் வெள்ளம். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்; மேல்மலையில் மழை கொட்டியிருக்கும். தெளிந்த நீர் சட்டென்று கலங்கினாலும், இலைகளும் குச்சிகளும் மிகுதியாக மிதந்து வந்தாலும், நீரின் இரைச்சல் மாறினாலும் உடனே கரையேறிவிட வேண்டும். பொருள்களை எடுக்கத் திரும்பக்கூடாது. பாசி படர்ந்த பாறைமேல் ஓடக்கூடாது. ஆழம் தெரியாத மடுவில் தலைகீழாகக் குதிக்கக்கூடாது. உடலில் புண் இருந்தால் நீரில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். எலிக் காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. உணவுக் கழிவையும் நெகிழிப் பைகளையும் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுப்பது அறம் என்று நினைப்போர் நம்மிடையே உண்டு. அது குரங்குக்கும் தீங்கு, நமக்கும் தீங்கு.

வகுப்பறைக்குச் சில

இவ்வரலாற்றை எந்தப் பாடத்தில் கற்பிப்பது என்று கேட்கலாம். எல்லாப் பாடத்திலும் இடம் உண்டு. அறிவியலில் நீரின் சுழற்சி. வரலாற்றில் பினாங்கு குடியேற்றம். நன்னெறிக் கல்வியில் பொதுநலம். தமிழ்மொழியில் சொல்லவே வேண்டியதில்லை. படிநிலை இரண்டு மாணவர்களுக்கு இவ்வாறு பணிகள் தரலாம்:

1. தங்கள் வட்டாரத்தில் நீரோடு தொடர்புடைய இடப்பெயர்களைத் திரட்டுதல். ஆயர் ஈத்தாம், சுங்கை பினாங்கு, தஞ்சோங், தெலுக் எனத் தொடங்கும் பெயர்களுக்குப் பொருள் எழுதுதல்; தமிழர் வழங்கும் பெயர் வேறாயின் அதனையும் எழுதுதல்.

2. அருவி, சுனை, மடு, ஓடை, கால்வாய், நீர்த்தேக்கம் ஆகிய சொற்களின் வேறுபாட்டைப் படம் வரைந்து விளக்குதல்.

3. ‘குடிநீருக்காக அருவியை மூடியது சரியே’ என்னும் தலைப்பில் சொற்போர் நடத்துதல். இரு தரப்பிலும் வலுவான கருத்துகள் இருப்பதால் பிள்ளைகள் நன்கு வாதிடுவர்.

4. பாட்டி தாத்தாவிடம் அக்காலத் தைப்பூசத்தைப் பற்றிக் கேட்டு எழுதுதல். எங்கே நீராடினார்கள்? எவ்வழியாக நடந்தார்கள்? அருவியைப் பற்றித் தங்கள் பெற்றோர் என்ன சொன்னார்கள்? சொன்னவர் பெயரையும், அவர் பிறந்த ஆண்டையும், கேட்ட நாளையும் தவறாமல் குறித்தல் வேண்டும்.

நான்காவது பணியை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஆங்கிலேயர் அருவியை ஓவியமாக வரைந்து வைத்தனர். பயணநூலில் எழுதி வைத்தனர். அறிக்கைகளில் பதிந்து வைத்தனர். அதே அருவியில் நீராடி வேல் நட்டவர்களின் நினைவோ பேரன் பேத்திகளின் செவியில் மட்டுமே இருக்கிறது. 1915இல் கோயில் மலையேறியதை நேரில் கண்டவர்கள் இன்று இல்லை. அவர்களிடம் கதை கேட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அவர்கள் எண்ணிக்கை குறைகிறது. ஒரு வகுப்பில் முப்பது மாணவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினால் முப்பது பக்கம் சேரும். அதனைப் பள்ளி நூலகத்தில் கட்டிவைத்தால், தண்ணீர்மலையைப் பற்றித் தமிழில் நாமே எழுதிய ஆவணம் ஒன்று உருவாகிவிடும். பாடநூல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த தைப்பூசக் கட்டுரையில் உங்கள் மாணவர் ஒருவர் காவடியையும் இரதத்தையும் எழுதிவிட்டு, அருவியைப் பற்றியும் நான்கு வரி எழுதினால், அதைத் திருத்தும் ஆசிரியர் ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுங்கள்.